பரிசோதனைக் கள உபகரணம்: முன்மாதிரியா, களச்சோதனைப் பிரதியா, குறுந்தொகை உற்பத்தியா?

ஒரு படை ஏற்றுக்கொண்ட பெல்ட்டும் பையும் லட்சக்கணக்கில் தைக்கப்படுகின்றன. அது சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியவை சில நூறு இருக்கும், சில வேளை ஒன்றோ இரண்டோதான். பரிசோதனைக் கள உபகரணங்களைச் சேகரிப்பவர்கள் தேடி அலைவது இந்த ஒதுக்கப்பட்ட பொருட்களைத்தான். ஆனால் சந்தையில் ‘பரிசோதனை’ என்ற ஒரே சொல்லின் கீழ் நான்கு வெவ்வேறு பொருட்கள் விற்பனைக்கு வருகின்றன. நான்கின் விலையும் ஒன்றல்ல, நம்பகமும் ஒன்றல்ல, பழுதாகும் விதமும் ஒன்றல்ல.

முதலாவது ஆய்வக முன்மாதிரி. வடிவமைப்பாளரின் மேசைக்குப் பக்கத்திலேயே ஒன்று முதல் ஐந்தாறு வரை தைக்கப்பட்டது. இரண்டாவது களச்சோதனைப் பிரதி. வடிவம் ஓரளவு முடிவானதும் படைப்பிரிவுகளிடம் கொடுத்து, நடந்து, ஊர்ந்து, நனைத்துப் பார்ப்பதற்காகச் சில பத்து முதல் சில ஆயிரம் வரை செய்யப்பட்டது. மூன்றாவது குறுந்தொகை உற்பத்தி. ஒரு தட்பவெப்பத்துக்காகவோ ஒரு போர்முனைக்காகவோ ஏற்கப்பட்டு, பொதுப் பயன்பாட்டுக்கு வராமலே நின்றது, அல்லது அடுத்த தலைமுறைக்கு வழிவிட்டது. நான்காவது நிறுவன மாதிரி. உற்பத்தியாளர் தன் சொந்தச் செலவில் செய்து, ‘இதை வாங்குகிறீர்களா’ என்று படையிடம் காட்டியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கையிலிருக்கும் பணம் ஒரே ஒரு நல்ல பொருளுக்குத்தான் வரும் என்றால், லேபிளோடு கூடிய களச்சோதனைப் பிரதியை வாங்குங்கள். கண்ணும் கையும் இன்னும் பழகவில்லை என்றால், அதற்கு முன் குறுந்தொகை உற்பத்தியில் இரண்டு மூன்று வாங்கிப் பழகுங்கள். முன்மாதிரியை ஆவணம் இல்லாமல் தொடாதீர்கள். பொருளுக்கு வெளியே, விற்பவரின் வாய்ச்சொல்லுக்கும் வெளியே, சரிபார்ப்பதற்கு ஒரு சான்று இருக்கிறதா என்பதுதான் இந்த நான்கையும் பிரிக்கும் கோடு. களச்சோதனைப் பிரதிக்கு அது பெரும்பாலும் இருக்கிறது. முன்மாதிரிக்கு அரிதாகவே இருக்கிறது.

களச்சோதனைப் பிரதி: லேபிளே முதல் சாட்சி

அமெரிக்கப் பொருட்களை வைத்து விளக்குவது எளிது, ஏனென்றால் அவர்களுடைய லேபிள்கள் அதிகம் பேசும். 1960-களின் நடுப்பகுதியிலிருந்து பொது விநியோகப் பொருட்களில் ‘டிஎஸ்ஏ-100-68-சி’ என்று தொடங்கும் ஒப்பந்த எண்ணைப் பார்க்கலாம். டிஎஸ்ஏ என்பது பாதுகாப்பு விநியோக முகமை. 100 என்பது பிலடெல்பியாவில் இருந்த கொள்முதல் மையம். 68 என்பது நிதியாண்டு. அந்த முகமை 1977 தொடக்கத்தில் பெயர் மாறியது, அதன்பின் முன்னெழுத்து ‘டிஎல்ஏ’ ஆனது. நிதியாண்டில் ஒரு நெளிவு உண்டு: 1976 வரை அது ஜூலை 1-இல் தொடங்கியது, பிறகுதான் அக்டோபர் 1-க்கு நகர்ந்தது. ஆகவே 68 என்று போட்ட ஒப்பந்தம் 1967 ஜூலையிலேயே கையெழுத்தாகியிருக்கலாம். பொருள் 1969-இல்கூட வந்து சேர்ந்திருக்கலாம். லேபிள் ஆண்டையும் புகைப்படத்து ஆண்டையும் ஒப்பிடும்போது இந்த இடைவெளியை மறந்துவிட்டு, நல்ல பொருளைப் போலி என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

சோதனைப் பொருளுக்கு இந்தப் பிலடெல்பியா எண் பெரும்பாலும் இருக்காது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நேட்டிக் ஆய்வகங்கள் (உடையும் உபகரணமும் வடிவமைத்த அமெரிக்கப் படையின் ஆய்வகம்) நேரடியாகப் போட்ட ஒப்பந்தம் என்றால் 1960-களில் ‘டிஏஏஜி17’ என்றும், 1980-களில் ‘டிஏஏகே60’ என்றும் தொடங்கும். இந்த இரண்டு முன்னெழுத்துகளையும் மனப்பாடம் செய்து வையுங்கள். வாங்கியது கிடங்கு அல்ல, ஆய்வகமே என்பதை இவை காட்டுகின்றன.

அடுத்து விவரக்குறிப்பு எண். ஏற்கப்பட்ட பொருளில் ‘மில்’ என்று தொடங்கும் படைத்துறை விவரக்குறிப்பு இருக்கும். சோதனைத் தொகுதிகளில் அதற்குப் பதிலாக ‘எல்பி/பி டெஸ்’ என்று தொடங்கும் குறுங்கொள்முதல் விவரம் வரும். இது ஒரு நல்ல அறிகுறி. ஆனால் தனியாக நின்றால் போதாது, குறுந்தொகை உற்பத்தியிலும் அது வரும்.

மூன்றாவதாக இருப்பு எண். 1974 வரை 11 இலக்கக் கூட்டரசு இருப்பு எண், அதன்பின் நேட்டோ முறையில் 13 இலக்கம். கூடிய இரண்டு இலக்கம் நாட்டுக் குறியீடு: அமெரிக்காவுக்கு 00 அல்லது 01, பிரிட்டனுக்கு 99, ஜெர்மனிக்கு 12, பிரான்சுக்கு 14, கனடாவுக்கு 21, ஆஸ்திரேலியாவுக்கு 66. முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை: 8465 என்றால் தனிநபர் உபகரணம், 8415 என்றால் சிறப்பு உடை. விநியோக முறைக்குள் நுழையும்போதுதான் இருப்பு எண் கிடைக்கும். அதனால் உண்மையான சோதனைப் பொருளில் அந்த இடம் காலியாக இருப்பதே இயல்பு. முழு 13 இலக்கமும் பளிச்சென்று அச்சிட்ட லேபிளைக் காட்டி, ‘1969 சோதனைப் பிரதி’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதேபோல, நிறுவன முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அந்த லேபிள் 1963 ஜூலைக்கு முந்தியது அல்ல.

பெயரில் வரும் எழுத்துகளும் ஏமாற்றும். ‘டி’ என்பது சோதனை வடிவம், பிற்காலத்தில் ‘எக்ஸ்எம்’. கொரியப் போரில் 1952-இல் களத்தில் அணிந்து பார்த்த டி-52 வரிசை நைலான் கவச அங்கிகளிலிருந்துதான் பிறகு எம்-1952 வந்தது. இங்கே ‘டி’ எழுத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் எக்ஸ்எம்28 கலவர வாயு முகமூடி அதே சோதனைப் பெயரோடு ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. ‘எக்ஸ்எம்’ என்ற எழுத்துக்காக மட்டும் அதற்கு அரும்பொருள் விலை கொடுப்பது வீண். இன்னொரு பொறி ‘எல்சி-1’, ‘எல்சி-2’ என்ற குறிகள். இவை 1973-இல் ஏற்கப்பட்ட ஆலிஸ் என்ற தனிநபர் சுமை உபகரணத் தொகுதியின் சாதாரணக் குறிகள். அதற்கு முன் 1960-களில் ஓடிய எடைகுறைப்புத் திட்டமான லின்க்லோவின் சோதனைப் பைகள் வேறு. ஆரம்பகால ஆலிஸ் பையை லின்க்லோ என்று விற்பது இந்தத் துறையில் மிக அடிக்கடி நடக்கும் தவறு. சிலர் அறியாமல் செய்கிறார்கள், சிலர் அறிந்தே செய்கிறார்கள்.

லேபிளுக்கு அடுத்த சாட்சி அறிக்கை. களச்சோதனைப் பிரதியை நாங்கள் மேலே வைப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். சோதனை நடந்தால் அறிக்கை எழுதியாக வேண்டும். நேட்டிக்கின் தொழில்நுட்ப அறிக்கைகளில் பெரும்பகுதி அமெரிக்கப் பாதுகாப்புத் தொழில்நுட்பத் தகவல் மையத்தின் வழியே எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அவற்றில் படம், பரிமாணம், எடை, துணி விவரம், எத்தனை பிரதிகள் செய்யப்பட்டன, எந்தப் பிரிவு சோதித்தது, எது கிழிந்தது என்பதெல்லாம் இருக்கும். பையின் அகலத்தை அறிக்கையோடு ஒப்பிடுங்கள். பட்டன்களை எண்ணுங்கள். நாடா எங்கே மடித்துத் தைக்கப்பட்டிருக்கிறது என்று படத்தோடு வைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்கு, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் குவார்ட்டர்மாஸ்டர் (படை வழங்கல் பிரிவு) தலைமை அலுவலகத்தின் கோப்புகள் தொகுதி எண் 92-இல் இருக்கின்றன. பிரிட்டிஷ் பொருட்களுக்கு கியூவில் உள்ள தேசியக் காப்பகம். காப்புரிமை ஆவணங்களையும் விடாதீர்கள். இராணுவ ஆய்வகப் பணியாளர் கண்டுபிடித்த பக்கிளுக்கும் பைச் சட்டத்துக்கும் காப்புரிமை எடுக்கப்பட்டிருந்தால் அதன் வரைபடமே தையல் வரைபடம் போலத் தெளிவாக இருக்கும்.

பிற நாடுகளிலும் இதே தர்க்கம்தான், சான்றின் வடிவம்தான் வேறு. பிரிட்டனின் 1958 பேட்டர்ன் பருத்தி நாடா உபகரணம் தண்ணீரையும் நச்சு இரசாயனத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்கு மாற்றாகப் பியூட்டைல் பூசிய நைலானில் செய்து பார்த்தது 1972 பேட்டர்ன். சோதனையோடு நின்றுபோனது. மேற்கு ஜெர்மனியின் படையான புண்டெஸ்வேர் 1976-இல் பல உருமறைப்புத் துணிகளைப் படைச்சோதனையில் ஒன்றோடொன்று மோதவிட்டது. அதில் ஒன்றுதான் 1990 வாக்கில் பொது உடைக்கு வந்த ஃப்ளெக்டார்ன். தோற்றுப்போன துணிகளில் தைத்த சட்டைகள்தான் இன்று தேடப்படுபவை. இந்தச் சட்டைகளில் துணியின் நிறவரிசையே முக்கியச் சான்று.

முன்மாதிரி: உயர்ந்த ஆசை, உயர்ந்த ஆபத்து

முன்மாதிரியின் ஈர்ப்பை மறுக்க முடியாது. முதல் உலகப் போரில் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஆயுதக் கவசப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பாஷ்ஃபோர்ட் டீன், இடைக்காலக் கவசங்களைப் பார்த்துப் பார்த்து அமெரிக்கப் படைக்குத் தலைக்கவசங்களை வடிவமைத்தார். முகமூடி வைத்த அவரது எட்டாம் மாதிரியை ஃபோர்டு நிறுவனம் ஆயிரத்துக்குச் சற்று மேல் அழுத்தி எடுத்தது. படை அதை ஏற்கவில்லை. அதே காலத்தின் பிரூஸ்டர் கவசம் சுமார் 18 கிலோ எடை. அதைக் கையில் தூக்கிப் பார்த்தாலே ஏன் ஏற்கப்படவில்லை என்பது புரிந்துவிடும். ஒரு சிந்தனை எங்கே தடுக்கி விழுந்தது என்பதைத் தொட்டு உணர முடிவது இந்தச் சேகரிப்பின் உண்மையான இன்பம்.

ஆனால் டீனின் கவசங்களுக்கு எண் வரிசை உண்டு, அருங்காட்சியகப் பிரதிகள் உண்டு, புகைப்படங்கள் உண்டு. சந்தைக்கு வரும் சாதாரணத் துணி முன்மாதிரிக்கு அப்படி ஒன்றும் இருக்காது. லேபிள் இல்லை, எண் இல்லை, உடன்பிறந்த பிரதி இல்லை. ‘ஓய்வுபெற்ற வடிவமைப்பாளரின் வீட்டிலிருந்து வந்தது’ என்ற ஒரு வரிதான் அதன் வரலாறு. அந்த வரி உண்மையாக இருக்கலாம். ஆனால் நாளை நீங்கள் அதை இன்னொருவரிடம் கொடுக்கும்போது உங்களிடமும் அதே ஒரு வரிதான் இருக்கும்.

ஆகவே முன்மாதிரியோடு மூன்றில் ஒன்றாவது சேர்ந்து வர வேண்டும்: ஆய்வகத்தின் கையெழுத்துக் குறிச்சீட்டு, அந்தப் பொருளையே காட்டும் அக்காலப் புகைப்படம், அல்லது வடிவமைப்பாளர் குடும்பத்தின் கையொப்பமிட்ட கடிதம். கடிதத்தில் பொருளின் அளவும் அடையாளக் குறைபாடும் (கிழிசல், கறை, மாற்றித் தைத்த இடம்) எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘என் தந்தையின் பை’ என்று மட்டும் எழுதிய கடிதம் எந்தப் பையோடும் பொருந்தும். பிரிட்டிஷ் முறையில் ‘முத்திரையிட்ட மாதிரி’ என்ற வகை உண்டு. உற்பத்தியாளர்கள் ஒப்பிட்டுத் தைப்பதற்காக அரசு வைத்திருந்த பிரதி, முத்திரையும் சீட்டும் கட்டப்பட்டது. அது முன்மாதிரி அல்ல, உற்பத்தியின் தரக்கோல். ஆனால் சான்றின் வலிமையில் முன்மாதிரியைவிட மேலானது.

இன்னொரு சிக்கல் பேசப்படுவதே இல்லை. முன்மாதிரியில் வடிவம் மட்டும் சோதனை அல்ல, பொருளும் சோதனைதான். புதுப் பூச்சு, புதுப் பசை, புது நுரை எல்லாம் சில மாதச் சோதனையைத் தாங்கினால் போதும் என்று போடப்பட்டவை. ஐம்பது ஆண்டு கழித்து என்ன ஆகும் என்று யாரும் அன்று யோசிக்கவில்லை. ஏற்கப்பட்ட பருத்திப் பை நூறாண்டு இருக்கும்போது, அதற்கு மாற்றாகத் தைத்த பூச்சு நைலான் பை அலமாரியிலேயே பிசுபிசுத்துப் போவது இதனால்தான்.

குறுந்தொகை உற்பத்தி: பழகுவதற்கான இடம்

அமெரிக்காவின் 1967 நைலான் சுமைத் தொகுதி, எம்எல்சிஇ, இதற்கு நல்ல உதாரணம். 1956 பருத்தித் தொகுதி வியட்நாமின் ஈரத்தில் கனத்தது, காயவில்லை, மக்கியது. அதே வடிவங்களை நைலானுக்கு மாற்றி வெப்பமண்டலப் பயன்பாட்டுக்கு அனுப்பினார்கள். ஆலிஸ் வந்ததும் அது பின்தங்கிவிட்டது. ஒப்பந்த எண் தெளிவாக இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதிகள் கிடைக்கும், போலி செய்வதில் பெரிய லாபமும் இல்லை. ஆலிஸுக்கு அடுத்ததாக 1990-களின் இறுதியில் வந்த முதல் மோலி சுமைத் தொகுதியும் இந்த வகைதான். பைச் சட்டத்தின் அடியில் ஒரு குமிழ்முனை, அது இடுப்புப் பட்டையின் குழிக்குள் போய் உட்கார வேண்டும். வீரர்கள் கீழே படுத்து எழும்போது அது கழன்றது, சட்டங்கள் உடைந்தன, பிறகு அந்த இணைப்பே கைவிடப்பட்டது. குழியும் குமிழும் இரண்டும் சேதமில்லாமல் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் சட்டத்தின் வளைவுகளில் நகத்தால் வருடி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். வியட்நாம் காலத்தில் ஜப்பானின் ஒகினாவாவில் இருந்த சிஐஎஸ்ஓ என்ற அமெரிக்கக் கிளர்ச்சி எதிர்ப்பு ஆதரவு அலுவலகம், சிறப்புப் படைகளுக்காக எந்த அடையாளமும் இல்லாமல் தைக்க வைத்த பைகளும் உடைகளும் இருக்கின்றன. லேபிள் இல்லாததால் அவற்றை ‘முன்மாதிரி’ என்று விற்கிறார்கள். அவை முன்மாதிரி அல்ல. அமெரிக்காவுடையது அல்ல என்று மறுக்கத்தக்க வகையில் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்ட உற்பத்திப் பொருட்கள். தம் அளவில் மிக நல்ல சேகரிப்புப் பொருட்கள்தான், வேறு அலமாரிக்கு உரியவை.

நிறுவன மாதிரிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. படை கேட்காமலே செய்யப்பட்டதால் அறிக்கை இருக்காது. வணிகச் சந்தைக்கும் அதே பொருள் விற்கப்பட்டிருக்கும். விலைப்பட்டியல் கையேட்டில் அதே பொருள் இருந்தால், அதற்குப் படைத்துறை விலை கொடுக்க வேண்டியதில்லை.

போலியும் ஒட்டுவேலையும்: எங்கே பார்ப்பது

முழுப் போலியைவிட ஒட்டுவேலைதான் அதிகம். சாதாரண ஆலிஸ் பையை வெட்டி, ஒரு பாக்கெட்டை இடம் மாற்றித் தைத்து, ‘சோதனை வடிவம்’ ஆக்குவது ஒரு மாலைப் பொழுது வேலை. இதைப் பிடிக்கச் சிறந்த இடம் நிறம் மங்கிய எல்லைகள். பாக்கெட்டின் தைத்த ஓரத்தை மெல்ல உயர்த்தி, பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் அடித்துணியைப் பாருங்கள். பாக்கெட் ஆதியிலிருந்தே அங்கே இருந்தால், அதன் அடியில் துணி மங்காமல் கருத்துப் பச்சையாக இருக்கும். மேலும் கீழும் ஒரே அளவு மங்கியிருந்தால், துணி வெயிலில் வெளுத்த பிறகுதான் பாக்கெட் வந்திருக்கிறது. அப்புறம், பழைய தையல் துளைகளின் வரிசை எங்காவது வெறுமையாக ஓடுகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உண்மையான ஆய்வக மாற்றத்திலும் வெற்றுத் துளைகள் உண்டு. ஆனால் அங்கே புதுத் தையலின் நூலும் பழையதும் ஒரே அளவு அழுக்கும் மங்கலும் கொண்டிருக்கும்.

லேபிள் எப்போது தைக்கப்பட்டது என்று பாருங்கள். தொழிற்சாலையில் பெரும்பாலும் பையைக் கூட்டித் தைப்பதற்கு முன்னால், தட்டையான துணித் துண்டில் லேபிள் தைக்கப்படும். அதனால் லேபிளின் ஒரு ஓரமாவது மடிப்புத் தையலுக்குள் போயிருக்கலாம், தையல் உள்துணியையும் துளைத்துப் போகாது. லேபிளின் நான்கு பக்கத் தையலும் எல்லா அடுக்குகளையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் தெரிந்தால், முடிந்த பையின்மேல் பிற்பாடு தைத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். துணியில் மை முத்திரை இருந்தால், அந்த மை பாக்கெட்டோடும் நாடாவோடும் சேர்ந்து வெளுத்திருக்க வேண்டும். தேய்ந்து நைந்த துணியின்மேல் கறுப்பாகப் பளபளக்கும் முத்திரை நம்பத் தகாதது.

365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு பயனுள்ளது, ஆனால் அதை அளவுக்கு மீறி நம்புகிறார்கள். நூல் நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். பொருளை முன்னாள் உரிமையாளர் நவீன சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் முழுதும் ஒளிரும். எனவே தேட வேண்டியது ஒளிர்வை அல்ல, வேறுபாட்டை. முழுப் பையும் மந்தமாக இருக்க, லேபிளின் நூல் மட்டும் ஒளிர்ந்தால் அதுதான் செய்தி.

காலத்துக்கு ஒவ்வாத பாகங்கள் அடுத்த சோதனை. பாலியெஸ்டர் நூல் 1950-களுக்கு முன் இல்லை. கொக்கி-வளைய ஒட்டுநாடா அமெரிக்கப் பொருட்களில் 1950-களின் இறுதிக்கு முன் வர வழியில்லை. கெவ்லார் இழை 1965-இல் கண்டறியப்பட்டு 1970-களில்தான் விற்பனைக்கு வந்தது. பக்கவாட்டில் அழுத்திக் கழற்றும் பிளாஸ்டிக் பக்கிள் 1970-களின் பிற்பகுதிப் பொருள். 1968 சோதனைப் பையில் அது இருந்தால், ஒன்று பக்கிளை மாற்றியிருக்கிறார்கள் அல்லது பை அந்த ஆண்டுக்கு உரியது அல்ல. ஜிப்பின் இழுவையில் உள்ள பெயரையும் டிச் பட்டனின் உட்பக்கப் பெயரையும் குறித்துக்கொண்டு, அதே ஒப்பந்த ஆண்டின் வேறு பொருட்களோடு ஒப்பிடுங்கள். இந்தச் சோதனைகள் ஒன்றைப் பொய்யென்று காட்டும். உண்மையென்று நிரூபிக்கா, ஏனென்றால் பழைய துணியும் பழைய பட்டனும் இன்றும் மிச்சக் கையிருப்பில் கிடைக்கின்றன.

நூல் எரிப்புச் சோதனை செய்ய வேண்டியிருந்தால், உள்மடிப்பில் தொங்கும் தளர்ந்த நூல் முனையில் 5 மில்லிமீட்டர் போதும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மென்சாம்பல் ஆகும். நைலான் உருகிக் கடினமான மணியாகும். விற்பவரின் அனுமதியோடு மட்டும்.

கடைசியாகத் தேய்மானம். சோதனைக்குப் போன பொருள் தேயாமல் திரும்பாது, அதன் தேய்மானத்துக்கு ஒரு தர்க்கம் இருக்கும். தோள்வாரின் கீழ்ப்புறம், பௌச்சின் பின்பக்கம், பெல்ட்டில் தண்ணீர்க் குடுவையின் கொக்கி மாட்டும் கண்துளைகள் ஆகிய மூன்று இடங்களும் முதலில் தேயும். முன்பக்கம் மட்டும் நைந்து பின்பக்கம் புத்தம்புதிதாக இருக்கும் பௌச்சை யாரோ உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். இந்தக் காரணத்தால், பயன்படுத்தாத சோதனைப் பிரதியைவிட, அளவாகத் தேய்ந்து வழங்கல் எண் (வீரரிடம் கொடுக்கும்போது பொருளில் எழுதிய எண்) உள்ள பிரதியையே நாங்கள் விரும்புவோம். அதில் சோதனையின் தடயமே இருக்கிறது.

முழுத் தொகுதியா, ஒற்றைப் பொருளா

பெல்ட், தோள்வார், இரண்டு பௌச், குடுவை உறை, பை என்று முழுத் தொகுதியாகக் கிடைத்தால் மனம் தாவும். சற்று நிதானியுங்கள். ஒரே ஒப்பந்த எண், ஒரே சாயல் பச்சை, ஒரே கையெழுத்தில் வழங்கல் எண் ஆகிய மூன்றில் இரண்டாவது பொருந்தினால்தான் அது தொகுதி. இல்லாவிட்டால் அது பல இடங்களில் பொறுக்கிக் கூட்டியது, தனித்தனி விலைகளின் கூட்டுத்தொகைக்குமேல் ஒரு காசும் கூடப் பெறாது. சாயலை ஒப்பிடும்போது மஞ்சள் விளக்கில் பார்க்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், நிழலில், பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். வெயில் படாத உள்மடிப்பின் நிறத்தையே ஒப்பிடுங்கள்.

வாங்கிய பின் எது எப்படிக் கெடும்

வகையைத் தேர்ந்தெடுப்பதில் இதற்கும் பங்கு உண்டு. பருத்தி நாடாவுக்கு எதிரி பூஞ்சை. ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு, வெப்பம் சுமார் 20 பாகை, வெளிச்சம் 50 லக்ஸுக்குள் இருந்தால் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். பூச்சு இல்லாத நைலானுக்கு எதிரி சூரிய ஒளி. கண்ணாடி அலமாரியை ஜன்னலுக்கு எதிரே வைத்தால் சில ஆண்டுகளில் நூல் தொட்டால் அறுந்துவிடும்.

பாலியூரித்தேன் பூசிய துணிதான் உண்மையான தலைவலி. காற்றின் ஈரத்தால் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும், புளித்த வாடை அடிக்கும், மடித்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது உரிந்து வரும். தொடங்கிவிட்டால் திருப்ப வழியில்லை, தாமதப்படுத்தலாம். மடிக்காமல், உட்பக்கங்களுக்கு இடையே சிலிக்கோன் பூசிய உரிதாளை வைத்து, மற்றப் பொருட்களிலிருந்து ஒதுக்கி, ஈரம் குறைந்த இடத்தில் வையுங்கள். முகப்பவுடர் தூவாதீர்கள். அது பூச்சில் படிந்து பிறகு எடுக்க முடியாது. தோள்பட்டையின் உள்நுரை நொறுங்கினால் அழுத்தாதீர்கள், படுக்கை நிலையில் அமிலமற்ற தாள் உருளையால் தாங்கி வையுங்கள். வாங்கும்போதே பையின் அடிப்பக்கத்தை உள்ளிருந்து தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டினால் விலை பாதியாக வேண்டும், அல்லது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிவிசி உறைகளில் எதையும் போடாதீர்கள். அதன் மென்மையாக்கி வெளியேறி மை முத்திரையைக் கரைக்கும். பித்தளைக் கண்துளை தோலைத் தொடும் இடத்தில் பச்சை மெழுகு படிந்தால் மரக்குச்சியால் சுரண்டுங்கள், உலோகக் கருவியால் அல்ல. சோதனைப் பொருளைத் துவைக்கவே கூடாது. வழங்கல் எண் பெரும்பாலும் கையெழுத்து, சில மை தண்ணீரில் போய்விடும். மெல்லிய வலையை மேலே விரித்து, குறைந்த இழுப்பில் தூசி உறிஞ்சினால் போதும். கம்பளிப் பாகத்தில் அந்துப்பூச்சி இருந்தால் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, சைபருக்குக் கீழே 30 பாகையில் மூன்று நாள், அல்லது 20 பாகையில் இரண்டு வாரம் உறைய வைக்கலாம். வெளியே எடுத்து 24 மணி நேரம் ஆகும்வரை பையைத் திறக்காதீர்கள், திறந்தால் ஈரம் துணிமேலேயே படியும். பூச்சு நைலானையும் பிளாஸ்டிக் பக்கிளையும் உறைய வைக்கக் கூடாது.

உடலுக்கும் சட்டத்துக்கும் ஆபத்தானவை

முகமூடி வாங்குபவர்கள் வடிகட்டியை வாயருகே கொண்டுபோகவே கூடாது. இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் முகமூடிகளின் வடிகட்டிகளில் கல்நார் உண்டு. அமெரிக்க எம்17 வகை முகமூடியின் வடிகட்டிக் கரியில் குரோமியம் சேர்மம் உண்டு. உடைந்தால் தூசி பறக்கும், எனவே திறக்காமல் இரட்டைப் பையில் கட்டி வையுங்கள். 1940-களின் ஒளிரும் திசைகாட்டிகளில் ரேடியம். அதன் அரை ஆயுள் 1600 ஆண்டு, ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது. 1980-களின் திசைகாட்டிகளில் டிரிட்டியம், அரை ஆயுள் 12.3 ஆண்டு. அந்தக் காலத்து அசல் டிரிட்டியம் இன்று அநேகமாக ஒளிராது. பளிச்சென்று ஒளிர்ந்தால் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது.

கவச அங்கி, தலைக்கவசம், இரவுப்பார்வைக் கருவி ஆகியவை பல நாடுகளில் ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிக்கு உட்பட்டவை. சில இடங்களில் வைத்திருக்கவே உரிமம் தேவை. அமெரிக்கப் பொருட்களுக்கு அழிப்புக் குறியீடு ஒன்று உண்டு: ‘ஏ’ என்றால் அப்படியே விற்கலாம், ‘டி’ என்றால் முழுதாக அழித்திருக்க வேண்டும். அண்மைக்காலச் சோதனைப் பொருட்களில் இது இன்னும் கூர்மையான கேள்வி. 2002-இல் எதிர்காலப் படைவீரர் திட்டத்துக்காக அச்சிட்ட ஸ்கார்ப்பியன் துணியில் தைத்தவை, 2007-இல் ஈராக்குக்குப் போன லேண்ட் வாரியர் தொகுதியின் பாகங்கள் போன்றவை எப்படி அரசின் கையிலிருந்து வெளியே வந்தன என்பதற்கு விற்பனைச் சீட்டு வேண்டும். சோதனை முடிந்தால் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பதே வழக்கமான விதி. திருப்பித் தராத பொருள் இன்னும் அரசின் சொத்தாகவே இருக்கலாம்.

பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டிய படங்கள் ஆறு: லேபிளின் முன்பக்கம், அதே இடத்தின் மறுபக்கத் தையல், பாக்கெட்டின் ஓரத்தை உயர்த்திய அடித்துணி, டிச் பட்டனின் உட்பக்கம், பையின் உள் அடிப்பகுதி, அளவுநாடாவை வைத்த முழுத் தோற்றம். கூடவே, யாரிடமிருந்து எந்த ஆண்டு வாங்கினார் என்பதை அவர் கைப்பட எழுதித் தரட்டும். படங்களைத் தர மறுப்பவரிடம் எவ்வளவு அரிய பொருள் இருந்தாலும் வாங்காதீர்கள். பொருள் கைக்கு வந்த அன்றே பெட்டியைப் பிரிக்கும்போது படம் எடுத்து, எடையும் அளவும் குறித்து, அந்தத் தாளின் ஒரு நகலைப் பென்சிலால் அமிலமற்ற தாளில் எழுதிப் பைக்குள்ளேயே வையுங்கள். தனியே ஒரு கோப்பில் மட்டும் இருந்தால், பொருள் ஒரு வீட்டுக்கும் கோப்பு ஒரு வீட்டுக்கும் போய்விடும்.